மரணம் அண்ணன் உயிரோடு இருக்கும் ஒரே படம்

அவருக்கு மரணம் என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று கேட்டால் படக் கம்பெனி மேனேஜர் கேமராக்காரரைக் கை காட்டுவார், கேமராக்காரர் மேனேஜரைக் கை காட்டுவார். யார் வைத்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் சத்தம் கேட்கும். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது "மரணம் எங்க இருக்கு? இன்னும் வரலையா?" என்று மேனேஜர் அதில் கத்த, "பக்கத்துல வந்துட்டேன்" என்று இவர் பதில் சொல்ல, அடுத்த சீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டார். இதை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்.

பிழைப்புக்கு அவர் சோபாக் கடையில் இருந்தார். ஊரெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து அமுக்கிய சோபாக்களைப் பிரித்து, பழைய ஸ்பாஞ்சை வீசிவிட்டுப் புதுசு வைத்து, துணியை இழுத்துப் பிடித்து ஆணியடிக்கிற வேலை. ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரிடம் பேசுவார். கேட்கிறவர் ஆணி உள்ளே போய்விடுமோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கடைக்கு எதிரே, டயர் கடை மாடியில், சரித்திரப் படங்கள் எடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. போர்கள், பேரரசுகள், அப்புறம் சரித்திரம் எழுதியவர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட சாதாரண மனிதர்கள், இவைதான் அவர்களுக்குச் சோறு போட்டன. படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. புத்தக அலமாரிக்கு முன்னால் ஒரு பேராசிரியர் உட்கார்ந்து பேசுவார். அவர் மூச்சு விடுகிற இடத்தில் நாலு பேர் வாளோடு ஓடுவார்கள். அதில் ஒருவர் பொத்தென்று விழுவார். விழுகிறவர் நம் ஆள்.

ஆள் பற்றாத கம்பெனி என்பதால் காலையில் படையெடுத்து வந்தவன் மத்தியானம் தொப்பியை மாற்றிக்கொண்டு கோட்டைக்குள் இருந்தும் சாக வேண்டும். மரணம் அண்ணன் பாரபட்சம் பார்க்காதவர். ஜெயித்த பக்கம், தோற்ற பக்கம், சக்கரவர்த்திக்காக, சக்கரவர்த்தியை எதிர்த்து, எல்லாவற்றுக்கும் செத்திருக்கிறார். மற்ற ஆட்கள் செத்தால் வயிறு ஏறி இறங்கும். இவர் விழுந்தால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். கடையில் வேலை இல்லாத நேரம் ஸ்பாஞ்சு அடுக்கின் மேல் மல்லாந்து படுத்து மூச்சைப் பிடித்துப் பழகுவார். முதலாளி பார்த்துவிட்டால் தூங்குகிறான் என்று திட்டுவார்.

இதில் அவருக்கு ஒரே ஒரு குறை. முகம் தெரியாது. குப்புறத்தான் விழச் சொல்வார்கள், அடுத்த காட்சியிலும் அவரே சாக வேண்டுமே. எப்போதாவது முகம் தெரிந்தாலும் அது செத்த முகம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிவியில் அப்பாவின் நெற்றியில் ரத்தம் வழிய, கண் திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே வெளிறிப்போனாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தது அவள் புத்தியில் ஏறவே இல்லை. அன்றைக்குப் பிறகு அந்தச் சேனல் பக்கம் அவள் திரும்பவில்லை, கல்லூரிக்குப் போன பிறகும்கூட. தான் செய்கிற வேலையைத் தன் பிள்ளை பார்க்க மறுப்பது எந்த மனிதனுக்கும் வலிக்கும். அவருக்கும் வலித்தது. ஒரே ஒரு படத்திலாவது உயிரோடு, முகம் தெரிய நிற்க வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மனைவிக்குத் தெரியும்.

அந்த ஆசை நிறைவேறியது ஒரு கோவேறு கழுதையின் புண்ணியத்தில்.

ஒரு பழைய பேரரசின் படை தோற்று, பனி மலை வழியாகப் பின்வாங்கியது பற்றிய படம் அது. அதிகாரிகளுக்கெல்லாம் பதக்கமும் சிலையும் கிடைத்தன. காயம்பட்டவர்களைக் கழுதைகள் மேல் கட்டி, யாருக்கும் தெரியாத கணவாய் வழியாக இறக்கிக் கொண்டுவந்து காப்பாற்றிய கழுதைக்காரருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு அதிகாரியின் நினைவுக் குறிப்பில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். கழுதைகளை ஓட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றித்தான் படம்.

பனிக்கு எங்கே போவது? சோபாவுக்குள் போக வேண்டிய பாலியெஸ்டர் பஞ்சை மரணம் அண்ணன் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் ஒரு கல் குவாரியில் பரப்பினார். பரப்பிவிட்டு, வழக்கம்போல அதன் மேலேயே செத்துக் கிடந்தார். கழுதைக்காரராக நடிக்க வந்திருந்தவர் ஓரளவு பெயர் தெரிந்த நடிகர். அவர் கயிற்றைத் தொட்டதும் கழுதை திரும்பி நின்று முழங்காலுக்குக் கீழே ஒரு உதை விட்டது. நடிகர் வேஷக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே காரில் ஏறியவர்தான், திரும்பி வரவில்லை. கழுதை பஞ்சைத் தின்னக் கிளம்பியது. பஞ்சு கடை முதலாளியுடையது. கிடந்த பிணம் பதறி எழுந்து, கயிற்றைப் பிடித்து, கழுத்தைத் தடவிக் கொடுத்து ஓரமாகக் கூட்டிப் போயிற்று. இயக்குநர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, அந்தக் கோட்டை நீங்களே போட்டுக்குங்க" என்றார்.

அப்படித்தான் மரணம் அண்ணன் முதல் தடவையாகச் சாகாமல் நடித்தார். இடைவேளையில் போட்டோக்காரர் கூப்பிட, கழுதையின் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, 'எடுத்துட்டீங்களா?' என்று கேட்பது போலக் கேமராவை நேராகப் பார்த்தார். அந்தப் படத்தைத்தான் பழுப்பாக்கி, ஓரங்களைக் கொஞ்சம் கரையவிட்டு, பழைய காலத்துப் போட்டோ மாதிரிச் செய்து படத்தில் காட்டினார்கள். கீழே மூலையில் 'சித்திரிப்பு' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகள் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும், "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். அவர் எழுந்து சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். போனவர் வெளியே வரக் கொஞ்ச நேரமாயிற்று. அந்தப் படம் சட்டம் போட்டு வீட்டுச் சுவருக்கு வந்தது.

நாலைந்து வருஷம் ஓடியது. அவர் மறுபடி குப்புற விழுந்துகொண்டிருந்தார். மனைவி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பாடப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கத்தை வகுப்புக்கு நகல் எடுத்துத் தரச் சொல்லிவிட்டுப் போனார். மெஷினை ஓடவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தால், தட்டில் புருஷன் புருஷனாக வந்து விழுந்துகொண்டிருக்கிறார். தூக்கிவாரிப் போட்டது. பாடத்தைப் படித்தார். மறக்கப்பட்ட மாவீரர், அவருடைய புகைப்படம் என்று எழுதியிருந்தது. ஒரு நகலை மட்டும் தன் காசில் கூடுதலாக எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

எப்படி நடந்தது என்று விசாரித்தபோது இயக்குநர் தலையைச் சொறிந்தார். விளம்பரத்துக்காகப் பத்திரிகைக்கு அனுப்பிய படத்தை, இடம் போதவில்லை என்று அங்கே கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதில் 'சித்திரிப்பு' போய்விட்டது. பத்திரிகையைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்துப் பாடப் புத்தகம். இப்போது போய்ச் சொன்னால் கம்பெனி மானம் போகும் என்றார். மரணம் அண்ணனுக்கும் சொல்ல வேண்டும் என்று பெரிதாகத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் மனிதர் உச்சி குளிர்ந்து போயிருந்தார். சோபா தைக்கிற நம் முகத்தை ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பார்க்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் குளிராது? நகலை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பெயர் வேறொருவருடையதாக இருந்தால் என்ன, முகம் நம்முடையதுதானே என்றார் மனைவி. மகளுக்குப் போன் போட்டு இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் கடையில், ஒரு பெரிய சோபாவைக் கவிழ்த்துப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. கழுதைக்காரரின் வம்சத்தில் ஓர் அம்மா இருக்கிறாராம், ஓய்வு பெற்ற நர்ஸ். அவருடைய அம்மாவுக்குத்தான் கழுதைக்காரர் தாத்தா. தங்கள் ஊர் நூலகத்தில் அவர் பெயரில் ஒரு அறை திறக்கப் போகிறார்களாம். ஓவியரை வைத்துச் சுவர் உயரத்துக்குப் படம் வரைகிறார்களாம். தெளிவான போட்டோ வேண்டும் என்று கேட்டாராம், இவரும் அனுப்பிவிட்டாராம். அதனால் அண்ணன் கொஞ்ச நாள் தாடி வளர்த்தால் நல்லது, அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தால் ரொம்ப நல்லது.

இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். போகிற போக்கில், ஒரு வேடிக்கை போல, இன்னொன்றும் சொன்னார்.

"அவங்க அம்மா சின்னப் புள்ளையா இருக்கும்போது தாத்தாவை நேர்ல பார்த்தவங்களாம். அவருக்கு மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு, இடது கண்ணு தெரியாதுன்னு உசிரோட இருந்தப்போ அடிக்கடி சொல்வாங்களாம். போட்டோவைப் பார்த்தப்புறம்தான் அம்மா சொன்னது தப்புன்னு தெரிஞ்சுதுன்னு இந்தம்மா சொல்றாங்க. நல்லவேளை, நம்ம தப்பிச்சோம்ணே."

அவர் போனை வைத்துவிட்டுப் பிடுங்கிய ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். பிரித்த சோபா பிரித்தபடி கிடந்தது. கடைக் கண்ணாடி முன்னால் போய் நின்று இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். முதலாளி கண்ணில் தூசியா என்று கேட்டார்.

இத்தனை காலம் அவர் செத்தது எல்லாமே பொய்ச் சாவு. எழுந்து, பஞ்சைத் தட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விடலாம். இது அப்படியில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஒரு வரி கிடைத்த மனிதருக்கு மிச்சமிருந்தது ஒரு கிழவியின் ஞாபகம். அதையும் தன் முகம் அழித்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அந்தம்மா நிம்மதியாக இருக்கிறார், பிள்ளைகள் படித்துக்கொண்டு இருக்கிறார்கள், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். போய்ச் சொன்னால் புத்தகத்தில் இருந்தும் எடுத்துவிடுவார்கள், கம்பெனியும் இனிக் கூப்பிடாது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"உங்க முகம்னு வெளியில இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் நீங்களே போய்க் கிழிக்கணுமா?"

"அந்த நர்ஸம்மாவோட அம்மா அவரைக் கண்ணால பார்த்திருக்காங்க" என்றார் அவர். "நான் பார்க்கலையே. டைரக்டரும் பார்க்கல. யாருமே பார்க்கல."

மனைவி அதற்குப் பிறகு வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தனியாக விட்டால் உளறிவிட்டு வருவார் என்று காரணம் சொல்லிக்கொண்டு அவரும் பஸ் ஏறினார்.

நூலகத்தின் பின்பக்க அறை புதுப் பெயிண்ட் வாடை அடித்தது. தரையில் பழைய செய்தித்தாள்கள் விரித்திருந்தன. ஏணியில் நின்று ஓவியர் கோட்டின் பொத்தானுக்கு மினுக்கம் வைத்துக்கொண்டிருந்தார். முகம் முடிந்துவிட்டது. அவருடைய முகத்தைவிட நாலு மடங்கு பெரிய முகம். இரண்டு கண்ணும் அவரையே பார்த்தன. பெரிதாக்கியதில் கழுதைகூட அழகாகியிருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பேசாமல் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்று அவருக்கு ஆசையாக இருந்தது.

நர்ஸம்மா உள்ளே வந்தார். நரைத்த தலை, இஸ்திரி போட்ட உடை, விறுவிறுவென்ற நடை. வந்தவர்களை வரவேற்க வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓவியத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, நீங்க நம்ம சொந்தமா?" என்று அருகில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதே ஜாடை. அதே நெத்தி. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம், அவர் குடும்பம் எங்க போச்சுன்னே தெரியாது. நான் தேடாத இடம் இல்லை."

அந்தம்மாவின் கை சூடாக இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும், அந்தக் கணமே அக்காவும் அத்தானும் மருமக்களும் கிடைத்துவிடுவார்கள். மரணம் அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்தமில்லைக்கா" என்றார். "அது நான்தான்."

புரியவைக்க நேரமெடுத்தது. கம்பெனி, கல் குவாரி, உதை வாங்கிய நடிகர், வெட்டுப்பட்ட எழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தம்மா நம்ப மறுத்தார். போட்டோ பழையதாயிற்றே என்றார். பழையதாக்கினார்கள் என்றார் இவர். படத்தில் பனி இருக்கிறதே என்றார். அது சோபாப் பஞ்சு என்றார். ஓவியர் மெல்ல ஏணியை விட்டு இறங்கி, இவரை வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்தார். காதோரம், தாடை, புருவத்தின் வெட்டு. தொழில்காரர் கண்ணுக்கு அது போதும். அவர் நர்ஸம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தம்மாவுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். இத்தனை வருஷம் வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அடுத்த வாரம் திறப்பு விழா, ஊரெல்லாம் சொல்லியாயிற்று, இப்போது வந்து சொன்னால் நான் யார் முகத்தில் விழிப்பேன் என்று கேட்டார். மரணம் அண்ணன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். திட்டி முடித்த அந்தம்மா பக்கத்தில் இருந்த பெயிண்ட் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மறுபடி பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"அப்போ எங்க அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

அந்தம்மா சுவரில் இருந்த பெரிய முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் நர்ஸு. ஆதாரம் இருந்தாத்தான் எதையும் நம்புவேன்" என்றார். "அம்மா படுக்கையில இருந்தப்போ பத்திரிகையில வந்த இந்தப் போட்டோவைக் கையில குடுத்தேன். பாரும்மா, ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு, ஆறு வயசுல பார்த்தது உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்னு சொன்னேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. இது எங்க தாத்தா இல்லடின்னாங்க. நான் சிரிச்சேன். வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுதுன்னு பக்கத்து பெட்காரங்ககிட்ட வேற சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க தாத்தாவைப் பத்திப் பேசவே இல்லை."

சொல்லிவிட்டு அழுதார். சத்தம் இல்லாத அழுகை. மரணம் அண்ணனின் மனைவி போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தார். மரணம் அண்ணனுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஓவியரிடம், முகத்தை அழித்துவிடுங்கள் என்றார். ஓவியர் இவரை ஒரு தடவை பார்த்தார், பிறகு துணியை எண்ணெயில் நனைத்துக்கொண்டு ஏணி ஏறினார். இடது கண்ணில் இருந்துதான் தொடங்கினார். கண் கரைந்து கன்னத்தில் வழிந்தது. மரணம் அண்ணனுக்கு வலித்தது. இவ்வளவு வலிக்கும் என்று அவர் நினைக்கவில்லை. மனைவி எழுந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"வாங்க, போலாம்."

"இரு" என்றார். "முழுசும் பார்த்துட்டுப் போகலாம்."

நெற்றி போயிற்று, மூக்கு போயிற்று, வாய் போயிற்று. கழுதையும் கோட்டும் மட்டும் நின்றன, கோட்டுக்கு மேலே வெறும் பழுப்பு. ஓவியர் துணியை மடித்து வைத்துவிட்டு, மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. உங்க அம்மா சொன்ன மாதிரியே போடறேன்."

"மூஞ்சி பூரா தழும்பு" என்றார் நர்ஸம்மா. "இடது கண்ணு வெள்ளையா இருக்கும். மடியில உட்காரவெச்சா கழுதை வாசனை அடிக்கும்னு சொல்லுவாங்க."

ஓவியர் காத்திருந்தார். "அப்புறம்? மூக்கு எப்படி? மீசை இருந்துச்சா?"

அந்தம்மா வெறும் பழுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லியிருப்பாங்க" என்றார். "எல்லாம் சொல்லியிருப்பாங்க. நான்தான் காது குடுத்துக் கேட்கலை."